முதலில் சுவரைக் கேள்

மின்கட்டண ரசீதின் முதுகில்
எபியேரே பட்டியல் எழுதியிருந்தாள்.
முதல் வரியில் பிராசஸர் இல்லை.
இன்வெர்ட்டர் இருந்தது:
ஆயிரம் என்று ஒட்டியிருக்கும்,
அறுநூறு வாட்தான் தரும்.
லாகோஸில் கணினி
சுவரிலிருந்து தொடங்குகிறது.

இக்கேஜா. ஜூன் மழை.
சாக்கடை மேல் பலகை போட்ட கடைகள்.
"ஆன்ட்டி, இதைப் பாருங்க, மூணு ஃபேன்!"
அவள் கைப்பையிலிருந்து
தையல் டேப்பை எடுத்தாள்.
முந்நூற்று முப்பது மில்லிமீட்டர்.
மூடிப்போன வங்கிக் கிளையின் ஏலத்தில் எடுத்த அவள் பெட்டிக்குள்
இருநூற்று எண்பதுதான் இடம்.
அதோடு இது தனியாளாகக் குடிப்பது
முந்நூறு வாட்.
"அழகாத்தான் இருக்கு" என்று
டேப்பைச் சுருட்டிக்கொண்டாள்.

மற்றவர் கல்யாண வீடியோக்களை
வெட்டி ஒட்டுவது அவள் தொழில்.
பழைய மடிக்கணினியில் ஒரு கல்யாணம் முடிய
ஓர் இரவு ஆகிறது.
மணப்பெண் சிரிப்பு பாதியில் உறைந்து நிற்க
இவள் தேநீர் போடப் போவாள்.

நான்காம் தலைமுறை ரேம்
ஐந்தாம் தலைமுறைப் பள்ளத்தில் உட்காராது.
நடு வெட்டு ஒரு மயிரிழை தள்ளியிருக்கும்.
அழுத்தினால் உடையும்.
கெஞ்சினால் கேட்காது.

தமிழில் பொருத்தம் என்று எழுதியதுமே
விரல்கள் பத்தும் மடங்கப் பார்க்கின்றன.
வேண்டாம், விடுங்கள்.
ஜாதகத்தைத் திருத்தி எழுதலாம்.
பிராசஸரின் வயிற்றில் இருப்பவை
ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு ஊசிகள்.
எந்தத் தரகர் வந்து
இவற்றிடம் பேசுவார்?

ஒற்றை விசிறிக் கார்டு, நூற்றுப் பதினைந்து வாட்.
பிராசஸர் அறுபத்தைந்து.
மானிட்டரையும் சேர்த்துக் கூட்டினாள்,
இன்வெர்ட்டரில் பாதிகூட வரவில்லை.
மீதியில் ஒரு மின்விசிறி ஓடும்,
ஃபோன் சார்ஜ் ஏறும்.

கோசியின் மேசையில் எல்லாம் ஏறியது.
நெம்புகோல் படிந்தது. ரேம் 'டக்' என்றது.
விசிறிகள் சுற்றின.
திரை மட்டும்
கழுவிய கரும்பலகை.

"போர்டு நல்ல போர்டு, அம்மா மேல சத்தியம்!"
எபியேரே அவன் அம்மாவை விட்டுவிட்டு
பலகையில் ஒட்டிய சிட்டையைப் படித்தாள்.
பலகை முந்திப் பிறந்தது.
இப்படியொரு பிராசஸர் வரப்போகிறதென்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.
நாற்காலி கொடுத்துவிட்டது,
யாரென்றுதான் தெரியவில்லை.

புதியவரை அறிமுகம் செய்யப்
பழையவர் ஒருவர் வேண்டும்.
எதிர்க்கடை முயிவா, கோசிக்கு ஜென்மப் போட்டியாளன்,
பில் போடும் கணினியைத் திறந்து
தன் பழைய பிராசஸரைக் கழற்றித் தந்தான்.
"பத்து நிமிஷம். பேஸ்ட்டைத் தொடைச்சுத் தா."
அவன் கடையில் ஐந்து பேர்
ரசீதுக்காகக் காத்து நின்றார்கள்.

பென்டிரைவ் செருகினார்கள்.
பலகை பாடம் படிக்கும்போது
கரண்ட் போனால்
அது பலகையில்லை, செங்கல்.
கோசி ஜெனரேட்டருக்கு பெட்ரோல் ஊற்றினான்,
மூடியைத் திறந்து இன்னொரு முறை பார்த்தான்.
நாற்பது சதவீதம்.
தெருவில் விளக்குகள் அணைந்தன.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது.
ஐம்பத்தாறு.
சோளம் சுடுகிறவள்கூட
எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.
தொண்ணூறில் வெகுநேரம் நின்றது.
முயிவா கோசியின் தோளைப் பிடித்திருந்தான்,
பிடித்திருப்பது இருவருக்கும் தெரியவில்லை.

நூறு.

பழையவரைத் துடைத்துத் திருப்பித் தந்தாள்.
புதியவரை உட்காரவைத்தாள்.
திரையில் அவர் பெயர் வந்தது,
எழுத்துப்பிழை இல்லாமல்.

டான்ஃபோ வண்டியில் பெட்டி மடியில்,
முழங்கால் மரத்துப்போயிற்று.
நடத்துநர் இரண்டு டிக்கெட் கேட்டான்.
ஒரு டிக்கெட்டுக்கு வாதாடி ஜெயித்தாள்.
ஒஜுவேலெக்பா பாலத்தடியில் வண்டி நின்றபோதுதான்
நினைவு வந்தது:
பெட்டியை அளந்தாள், சுவரைக் கேட்டாள்.
வீட்டில் இருக்கும் மானிட்டரின் முதுகில்
எந்தத் துளை என்று
இன்றுவரை
திருப்பிப் பார்த்ததில்லை.