பிளேர்

ஃபஹாஹீலில் எங்கள் ஆறாம் மாடி ஜன்னலில்
இரவெல்லாம் எரிகிறது
எண்ணெய் ஆலையின் தீ.
ரெமிஜியஸ் அதை பிளேர் என்பான்,
அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவனுக்குச் சம்பளம்.
டாக்டர் ஹனானும் அதே சொல்லைத்தான் சொன்னார்,
என் விரல் முட்டிகளை அழுத்திக்கொண்டே:
ஆறு மாதம் பிளேர் இல்லாமல் இரு,
பிறகு குழந்தையைப் பற்றிப் பேசலாம்.

இருபத்தெட்டு வயது.
மே மாதத்து பஸ் ஸ்டாப்பில் குடையோடு நிற்கிறேன்.
கறுத்துவிடுவேன் என்று பயமாம்,
ஆபீஸில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இரண்டு முறை வந்தது.
முதலாவது ஒன்பது வாரம்.
இரண்டாவது பதினொன்று, துடிப்பைக்கூடக் காட்டினார்கள்.
அதன் பிறகுதான் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள்:
காவலுக்கு வைத்தவையே
வீட்டாளைக் கள்ளன் என்று அடிக்கின்றன,
நஞ்சுக்கொடியின் வாசலில்
ரத்தத்தை உறைய வைக்கின்றன.
யாருடைய தவறும் இல்லை என்றார் டாக்டர்.
யாருடையதும் அல்லாத தவறை
எங்கே கொண்டுபோய் வைப்பது
இந்த ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில்?

போன வருடம் சிறுநீரகத்தைக் காப்பாற்ற ஏற்றிய மருந்து
சினைமுட்டைகளில் கொஞ்சத்தைக்
கூலியாக எடுத்துக்கொண்டதாம்.
காத்திரு என்கிறது ஒரு லேப் தாள்.
காத்திராதே என்கிறது இன்னொன்று.
இரண்டிலும் ஒரே தேதி, ஒரே முத்திரை.

வெள்ளிக்கிழமை தூத்துக்குடியிலிருந்து மாமியார்:
"விசேஷம் ஏதும் உண்டாம்மா?"

உண்டு அத்தை.
இந்த மாதம் சிறுநீரில் புரதம் இறங்கவில்லை.
கருவுக்கு ஆகாத மாத்திரையை நிறுத்தியாயிற்று,
மாற்று மாத்திரை குமட்டுகிறது,
அதை மசக்கை என்று நினைத்து
ஒரு காலை முழுக்க சந்தோஷமாக இருந்தேன்.
நேற்று தாலிச் சங்கிலியின் கொக்கியை
என் விரல்களே மாட்டின.

"இல்லை அத்தை" என்றேன்.

நான்காம் மாதம், பதினொன்றாம் நாள்.
நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவனிடம் கேட்டேன்,
அது அணையவே அணையாதா?
பூட்ஸைக் கழற்றியபடி சொன்னான்:
"அணைஞ்சாதான் ஆபத்து.
சின்னதா எரிஞ்சா உள்ள எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்."
தண்ணீர் குடித்தான். சாப்பிடாமலே தூங்கிவிட்டான்.

ஜன்னலில் ஒரு கண்ணை மூடி
விரல் நீட்டி அளந்தேன்.
இன்று அது
கட்டைவிரல் நகமளவு.