கெட்டிலின் நஞ்சு

முதல் நாள் பச்சை. இரண்டாம் நாளும் பச்சை.
மூன்றாம் நாள் பீட்ரூட் என்று யாரும் எச்சரிக்கவில்லை.
விடிகாலைக் கழிப்பறையில் குனிந்து பார்த்து
ஆம்புலன்ஸ் எண்ணைத் தேடினேன்.

பெட்டியில் பதினைந்து பாட்டில், பத்துப் பொட்டலம் தேயிலை,
உள்ளங்காலில் ஒட்டிக்கொள்ள இருபது பட்டை.
நூற்று எண்பத்தெட்டு வெள்ளி. எட்டு ராசியாம்.
பதினோராம் மாடி ரோஸ்லின்
லிஃப்டிலேயே விற்றுவிட்டாள்.
"உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கும் அண்ணே,
ஐம்பத்திரண்டு வருஷம்!"
துறைமுகக் கொள்கலனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.
என்ன சேர்ந்திருக்கும் என்றேன்.
நஞ்சு.
எந்த நஞ்சு?
தரைத்தளம் வந்துவிட்டது.

நான் பேருந்து ஓட்டுகிறவன்.
புக்கிட் பாத்தோக் முனையத்தில் புறப்பட்டால்
அடுத்த கழிப்பறைக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.
நான்காம் நாள், அந்தத் தேநீரைக் குடித்த தெம்பில்
கிளமெண்டி தாண்டும்போது
வயிறு மணியை அழுத்தியது,
நிறுத்தமே இல்லாத இடத்தில்.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில், மனசு முழுக்க முருகனிடம்.
பின்னால் பள்ளிப் பிள்ளைகள், கைப்பேசிகள்,
மீன் பையோடு ஒரு மாது.
வண்டி எந்த விளிம்பில் போகிறதென்று
ஒருவருக்கும் தெரியாது.

பிழைத்து வந்தபின்
கண்ணாடி போட்டுப் பொட்டலத்தின் முதுகைப் படித்தேன்.
பொடி எழுத்தில்: சென்னா இலை.
அட, நம்ம நிலாவாரை.
சின்ன வயதில் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களே, அதே.
அன்றைக்கு அதன் பெயர் பேதி மருந்து, ஐம்பது காசு.
ஆங்கிலம் படித்துத் திரும்பி வந்திருக்கிறது.

அன்று மாலை பலதுறை மருந்தகத்தில் முறை.
டாக்டர் ஃபராவிடம் மெல்லக் கேட்டேன்.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்,
"இரண்டு கிலோ குறைந்திருக்குமே?"
குறைந்தது.
"பெரும்பாலும் தண்ணீர். சாப்பிட்டால் வந்துவிடும்."
அப்போ உள்ளே சேர்ந்தது?
"ஈரல் இருக்கிறது. சிறுநீரகம் இரண்டு இருக்கிறது.
எம்சி எடுக்காத ஊழியர்கள்.
சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லையே?"
மருந்தும் நஞ்சுதான் என்று ரோஸ்லின் சொல்லியிருந்தாள்.
நிறுத்தியிருந்தேன்.
இல்லை என்றேன்.

பட்டைகளைத்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை.
இரவில் வெள்ளையாய் ஒட்டினால்
காலையில் ஈரத் தார்.
பரிமளம் ஒவ்வொன்றையும் உரித்து
விளக்கடியில் தூக்கிப் பிடிப்பாள்:
"எவ்வளவு வந்திருக்கு பாரேன்."

ஐந்தாம் நாள் இரவு, அவள் தூங்கியபின்
புதுப் பட்டை ஒன்றைப் பிரித்து
கொதிக்கும் கெட்டிலின் மூக்கில் பிடித்தேன்.
கொஞ்ச நேரம்தான். கறுத்தது.
போன தீபாவளிக்கு வாங்கிய கெட்டில்.
தண்ணீரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.
பாவம், அதற்குள்ளும் அவ்வளவு நஞ்சு.

பின்னால் விளக்கு எரிந்தது.
பரிமளம் பட்டையைப் பார்த்தாள். கெட்டிலைப் பார்த்தாள்.
"ரெண்டாம் நாளே நான் செஞ்சு பார்த்துட்டேன்."

பின்னே ஏன்?

குளிர்பெட்டியைத் திறந்து
கடைசிப் பாட்டிலை ஆட்டினாள்.
அடியில் தங்கியிருந்த பச்சை அசைந்து கொடுக்கவில்லை.
"இருபத்தேழு வருஷத்தில
சேர்ந்தாப்போல அஞ்சு நாள் நான் அடுப்பு பத்தவைக்கலை.
நீங்களும் சாப்பாடு எங்கேன்னு கேட்கலை."

கெட்டில் தானாக அணைந்தது.

ஒன்றரை மணிக்கு
புளோக்கின் கீழ் விழித்திருந்த கடையில்
முட்டை பரோட்டா இரண்டு, அவளுக்குத் தே தாரே,
எனக்குச் சர்க்கரை போடாத தே-ஓ.
சட்டைப் பையிலிருந்த மாத்திரையை
அவள் பார்க்கவே விழுங்கினேன்.
அவள் குழம்பில் விரலை முக்கி எடுத்துச் சப்பினாள்.
போன இரண்டு கிலோவும்
ஒவ்வொரு வாயாக
வீடு திரும்பத் தொடங்கின.