இரண்டு புள்ளி

பாறையை இந்த ஊரில் கல்லியோ என்கிறார்கள்.
முதல்முறை கேட்டபோது சிரித்தேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை;
பின்லாந்தில் சிரிப்பவரைச் சிரிக்க விட்டுவிடுவார்கள்.

ஏரிக்கரைச் சதுக்கத்தில் பனி தள்ளும் வண்டி என்னுடையது.
தலைவரை வருடம் ஐந்து மாதம் சுற்றி வருகிறேன்.
சிவப்புக் கருங்கல்
(எங்கள் சொல் இங்கே தடுக்கி விழுகிறது, விழட்டும்).
முழங்காலுக்குக் கீழ் இறங்கும் மேலங்கி,
பதினொரு பொத்தான்,
ஒவ்வொரு பொத்தானிலும் நான்கு துளை.
பார்வை ஏரிக்கு அப்பால், எல்லைப் பக்கம்.
காலடியில் பனிச்சறுக்குக் கட்டையோடு இரண்டு சிப்பாய்கள்.
அவர்களுக்கும் கீழே, பீடத்தில்,
போருக்குப் போன நூற்றுப் பதினாறு பேர்.
திரும்பியவர், திரும்பாதவர் என்று கல் பிரிக்கவில்லை.

திறப்பு விழாவில் துணி தலைவரின் காதில் மாட்டிக்கொண்டது.
தீயணைப்பு ஏணி வரும்வரை
பேண்டு வாத்தியம் ஒரே அணிவகுப்பை நான்கு தடவை வாசித்தது.
அந்த இடைவேளையில்தான்
தைஸ்தோ குனிந்து பெயர்களைப் படித்தார்.

நாற்பத்தொன்றாவது பெயர் ஓஸ்மோ நேர்ஹி, அவர் அப்பா.
கல்லில் நார்ஹி என்று இருந்தது.
எழுத்தின் தலைமேல் இருக்கவேண்டிய இரண்டு புள்ளி
வெட்டியவனின் கணினியில் உதிர்ந்துவிட்டதாம்.

என் எழுத்தில் புள்ளி வைத்தால் உயிர் விலகி
மெய் மட்டும் நிற்கும்.
இவர்கள் எழுத்தில் புள்ளி விழுந்தால்தான்
நேர்ஹி நேர்ஹி ஆகும்:
ஊசியிலைக் காட்டில் கத்தித் திரியும் பறவை,
சிறகோரம் ஒரு விரல் அகலம் நீலம்.
நார்ஹி என்றால் ஒன்றுமில்லை.

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற தைஸ்தோ
நகராட்சிக்கு எழுதினார்:
"தலைவருக்குப் பொத்தானில்கூடத் துளை விட்டிருக்கிறீர்கள்.
என் அப்பாவுக்கு இரண்டு புள்ளி பாக்கி."
ஒப்பந்தக்காரர் திவால் என்று பதில் வந்தது.
மறுபடி எழுதினார்.
உறைபனியில் கல்லில் உளி வைக்கக்கூடாது என்று பதில் வந்தது.
இதை ஒப்புக்கொண்டார்.
உறைபனி அப்பாவிடம் இரண்டு விரல் வாங்கியிருந்தது.
போரைப் பற்றி அந்த மனிதர் சொன்னது
மொத்தமும் ஒரே வாக்கியம்:
"ரொட்டியை அக்குளில் வைத்துத் தூங்கவேண்டும்."
அதுவும் யாரும் கேட்காத ஒரு காலை உணவில்.

மே மாதம் வாசாவிலிருந்து பிர்கித்தா வந்தாள்,
காரின் பின்னால் காற்றழுத்தி, உளிப்பெட்டி, ஒரு வாழைப்பழம்.
மண்டியிட்டாள். தலைவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
தூறலுக்குத் தைஸ்தோ குடை பிடித்தார்,
அவளுக்கல்ல, கல்லுக்கு.
பன்னிரண்டு நிமிடம்.
பென்சில் முனை புகும் அளவில் இரண்டு பள்ளம்.
ஊதினாள்; தூள் அவர் காலணியில் படிந்தது.

விரல் வைத்துப் பார்த்தார்.
அழுவார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
அவரோ அடுத்த வரிக்குப் போயிருந்தார்.
"இது ஹேய்ரினென். இதுவும் மொட்டை."
அப்புறம் இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று.
மொத்தம் ஒன்பது,
கடிதம் எழுத வீட்டில் ஒருவரும் மிஞ்சாத ஒன்பது பேர்.

நகராட்சி இரண்டு புள்ளிக்குத்தான் காசு தரும் என்றாள்.
தெரியும் என்றார்.
வாழைப்பழத்தை உரித்துப் பாதி நீட்டினாள்.
நின்றபடியே தின்றார்கள்.
எரிபொருள் அளவைப் பார்த்தாள், பிறகு வானத்தை;
மே மாதத்தில் இங்கே பத்து மணிவரை வெளிச்சம்.

சத்தம் தாங்கவில்லையென்று
ஐஸ்கிரீம் வண்டிக்காரன் கத்தினான்.
காற்றழுத்திக்குக் கேட்கவில்லை.

இப்போது தூரத்திலிருந்து பார்த்தால்
நான் தள்ளாமல் விட்டுவிட்ட பனி மாதிரி
பீடத்தில் வெள்ளை வெள்ளையாக இருபது புள்ளி.
இரண்டு மழை கண்டால் கல்லின் நிறம் வந்துவிடுமாம்.

பில்லில்
இரண்டு என்றே எழுதியிருந்தாள்.