எட்டாவது நகர்வு

ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான்
அபிஷேகப்பட்டி ரோடு அடங்கும்.
கல்குவாரி டிப்பர் ஒன்று போனாலும்
தங்கச் சல்லடையின் கோடுகள் குழம்பிவிடும்,
முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

பணகுடிக் காற்றாலையின் இறக்கையில் அறுத்த
உள்ளங்கை அகலத் துண்டு.
சாதாரண எக்ஸ்ரேயில் ஒரே சாம்பல்.
'பழுதில்லை' என்று கம்பெனி கையெழுத்தும் போட்டாயிற்று.
ஏறி இறங்கும் மிக்கேல்ராஜ் மட்டும்
விரல்முட்டியால் தட்டிக் காட்டினான்:
"இந்த எடத்துல மட்டும் சத்தம் அமுங்குது, கேளுங்கக்கா."
பேனாவால் ஒரு வட்டமும் போட்டான்.

தடுபடாமல் வெளியேறிய கதிர்
எதையும் தொடவில்லை என்றா அர்த்தம்?
போகிற போக்கில் வளைகிறது,
இங்கிருந்து தாழையூத்துக்கு நூல் பிடித்தால்
அங்கே ஒரு விரற்கடை விலகுமே, அவ்வளவு.

சல்லடையை நகர்த்துகிறேன்,
மைக்ரானுக்கும் கீழே.
மூன்று. நான்கு.
ஐந்தில் கரண்ட் போய் வந்தது.
மறுபடி ஒன்று.

மூன்றரைக்கு எட்டாவதும் முடிந்து
திரையில் இழைகளின் ஊடே
சுண்டுவிரல் நகத்தளவு மேகம்:
கண்ணுக்கெட்டாத விரிசல்கள்
கதிரைச் சிதறடித்த இடம்.
வட்டத்துக்குள் பாதி,
வெளியே பாதி.

அதே ரக இறக்கையில்
காலை ஆறு மணிக்கு அவனுக்கு ஏற்றம்.
விடியட்டும் என்று நான் இருக்கவில்லை.
மூன்றாவது மணியில் எடுத்தான்.
பின்னால் ஒரே காற்று.