நூற்றுப் பதிமூன்றாம் பக்கம்

சியாத்துராவில் அந்தக் குளிர்காலம்
நூலகத்தை எடைக்குப் போட்டார்கள்.
பாதி அடுப்புகளுக்குப் போயிற்று.
மீதி, பாலத்தருகே சூரியகாந்தி விதை விற்கும்
த்சியாலாவின் கூடைக்கு.
ஒரு தாள் கிழிப்பாள், கூம்பாய்ச் சுருட்டுவாள்,
ஒரு குவளை விதை, மேலே கொஞ்சம் கொசுறு.

எனக்கு ஒன்பது வயது.
விதையைத் தெங்கிஸின் சட்டைப்பையில் கொட்டிவிட்டுத்
தாளை விரிப்பேன்.
எண்ணெய் ஊறிய இடத்தில்
பின்பக்கத்து எழுத்துகள் இடவலம் மாறி எட்டிப் பார்க்கும்.
விரல் உப்பை நக்கிக்கொண்டே
வரிகளைப் பிரித்தெடுப்பேன்.

ஒருநாள் கிடைத்தது நூற்றுப் பதிமூன்று.
எத்தேரி என்றொருத்தி,
அஞ்சல்காரன் போன பின்னும் கதவைச் சாத்தாமல் நிற்கிறாள்.
பின்பக்கத்தின் கடைசி வரியில்
கடிதத்தை அடுப்பருகே கொண்டுபோய்,
பிறகு அவள்

அவ்வளவுதான்.

மறுநாள் ஓடினேன். அதே புத்தகத்தில் சுற்றித் தாருங்கள்.
"கைக்கு வந்ததைக் கிழிக்கிறேன்,
இது விதைக்கடையா, பள்ளிக்கூடமா?"
வந்தது தேனீ வளர்ப்புக் கையேடு:
ராணி செத்த கூட்டுக்குப் புது ராணியைப் பழக்கும் விதம்.
அதற்கும் மறுநாள், குதிரைக் குளம்பு அழுகல் நோய்.
எதையும் நான் எறியவில்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை.
கம்பியில் தொங்கும் பெட்டிக்குள்
மாங்கனீசுத் தூசி அப்பிய ஏழு சுரங்கத் தொழிலாளர்கள்,
நான், ஒரு கோழி.
ஆற்றுக்கு நேர் மேலே மின்சாரம் போயிற்று.
பெட்டி ஒருமுறை குலுங்கி நின்றது,
பிறகு காற்றின் இஷ்டம்.
ஒரு மணிநேரம். இரண்டு.
யாரோ அழத் தொடங்கினார்கள், நானல்ல.
மடியில் என்ன வைத்திருக்கிறாய், என்றார் வாஜா,
தலைவிளக்கைக் கழற்றித் தாளின்மேல் பிடித்து.
படி.

படித்தேன். அஞ்சல்காரன். கதவு. அடுப்பு.
பிறகு அவள்
ஏழு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
பிறகு அவள் கடிதத்தை எரிக்கவில்லை, என்றேன்
தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.
மடித்துத் தேன்கூட்டுக்குள் வைத்தாள்.
தேனீக்கள் அதன்மேல் மெழுகு கட்டின.
எழுதியவன் புறப்பட்டு வந்தான்
குளம்பு அழுகிய குதிரையில்,
மெதுவாக, மிக மெதுவாக,
ஏனென்றால் மின்சாரம் இன்னும் வரவில்லை.

விளக்குப் பிடித்தவருக்குத் தெரியும்.
வெளிச்சம் விழுந்த இடத்தில் அச்சு முடிந்து
வெறும் கறை.
பார்த்தார். கை அசையவில்லை.
நான் மூச்சு வாங்கும்போது மாத்திரம்
அடுத்த வரிக்குப் போவதுபோல்
ஒரு நூல் கீழே இறக்கினார்.
தாளின் அடியை எட்டியதும்
மறுபடி மேலிருந்து.

நாவல்கள் இப்போது ஐந்து.
போர் நடக்கும் அத்தியாயத்தில்
இந்தத் தேன்கூடு எதற்கு மக்வாலா,
எடுத்துவிடலாமே, என்பார் பதிப்பாசிரியர்.
எடுத்ததில்லை.

போன வருடம் திபிலிசியில், பழையபொருள் சந்தையில்,
பதக்கங்களுக்கும் கிராமபோன் ஊசிகளுக்கும் நடுவே
அந்தப் புத்தகம், முழுசாக.
நின்றபடியே நூற்றுப் பதினைந்தைத் திறந்தேன்.
பிறகு அவள் கடிதத்தை எரித்துவிட்டு
சூப்பில் உப்புப் பார்த்தாள்.

நல்ல வாக்கியம். நான் எழுதியிருக்க மாட்டேன்.
விலை கேட்டேன். பேரம் பேசவில்லை, வாங்கவும் இல்லை.
எதிரே ஒருத்தி விதை விற்றாள், பிளாஸ்டிக் பையில்.
ஒன்று வாங்கினேன்.
உப்பு இருந்தது, படிக்க எதுவும் இல்லை.
வீடு வரைக்கும் கொறித்துக்கொண்டே நடந்தேன்,
அந்தக் குதிரை இந்நேரம்
எதுவரை வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தபடி.