சேர்க்காமல், குறைக்காமல்

டொரொண்டோ, யூனிவர்சிட்டி அவென்யூ,
ஏழாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை.
டிஷ்யூ பெட்டியை யாரோ ஏற்கெனவே
அவள் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்கள்.

என் நாற்காலி அவளுக்குச் சற்றுப் பின்னால்.
மருத்துவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’.
அவள் ‘நான்’ என்றாலும் நானே ‘நான்’.
எதையும் சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது,
உவமை சொல்லக் கூடாது.
பயிற்சியின் முதல் நாளில் சொன்னது.

அவள் தமிழ் பருத்தித்துறை, என்னுடையது சாத்தூர்.
‘சிசுவின் முதுகெலும்பு கீழே மூடவில்லை,
நரம்பு வெளியே தெரிகிறது’ என்றேன்.
‘பிள்ளைக்கோ?’ என்றாள்.
அதன்பின் அந்த அறையில் சிசு இல்லை.

இரண்டு வழி, என்றேன், டாக்டர் பெல்லரீவாக.
பிறந்தபின் என்றால்
ஓரிரு நாளில் முதுகை மூடுவோம்.
அதற்காக உங்கள் உடம்பில் கத்தி படாது.
ஆனால் அதுவரை நரம்பு
பனிக்குட நீரில் ஊறிக்கொண்டிருக்கும்.
தலையில் நீர் சேர்ந்து குழாய் வைக்க வேண்டி வருவது
நூறில் எண்பது பேருக்கு.

பிறக்குமுன் என்றால்
இருபத்தாறாம் வாரத்துக்குள்.
வயிற்றைத் திறந்து, கருப்பையைத் திறந்து,
முதுகை மட்டும் தைத்து
திரும்ப மூடி உள்ளேயே விட்டுவிடுவோம்.
குழாய் நூறில் நாற்பதுக்கு.
தானாக நடப்பவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு.
குறைமாதத்தில் பிறக்கலாம்.
தையல் விடலாம்.
இனி எத்தனை பெற்றாலும் அத்தனையும் சிசேரியன்.
எந்த வழியிலும் முழுக்கச் சரியாகிவிடாது.

‘லாம்’ அனுமதியும் தரும், அச்சமும் தரும்.
அவள் எதைக் கேட்டாளோ.

பிராம்ப்டன் கிடங்கில் இரவு வேலை முடித்து
நேரே வந்திருந்த கணவன்
கையுறையைக் கழற்றவில்லை.
‘எண்பதிலை நாப்பது போனா நாப்பது’
என்றான், மெல்ல.
அதையும் மொழிபெயர்த்தேன்.
கணக்குச் சரி என்பதுபோல
மருத்துவர் தலையசைத்தார்.

‘வயித்துக்கை இருக்கேக்கையே வெட்டுவினமோ?
அவனுக்கு நோகுமோ?’
அவனுக்கும் மருந்து கொடுப்போம், என்றேன்.
அவன் என்று யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

பிறகு விதியை அறியாதவள்
நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள்.
‘அக்கா, நீங்களெண்டா என்ன செய்வியள்?’

கேள்வியை மருத்துவருக்கே சொன்னேன்.
‘அக்கா’வை விட்டுவிட்டு.
‘எனக்குத் தெரியவில்லை’ என்றார், வெகுநேரம் கழித்து.
‘எனக்குத் தெரியவில்லை’ என்றேன்.
அன்று சொன்னதில் அது ஒன்று
எனக்கும் சொந்தமாக இருந்தது.

படிவம்: மொழி தமிழ். ஐம்பத்தைந்து நிமிடம்.
விடுபட்டவை என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

வியாழக்கிழமை அவர்கள் முடிவு சொன்னபோது
வேறொருவர் முறை.
கேட்கவும் கூடாது.
இருபத்து மூன்று வாரம், நான்கு நாள்:
அது மட்டும் என்னிடம் இருக்கிறது.
செவ்வாய்தோறும்,
ரயிலில் நின்றபடி,
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்.