வாளிக் கணக்கு

நூற்றெண்பது டாலர். மேலே ஒரு காசு கிடையாது.
மின்கட்டண உறையின் முதுகில் எழுதி
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.
பகலெல்லாம் தானியக் கிடங்கில்
அடுத்தவர் கோதுமைக்கு எடை எழுதுகிறவள்,
என் கொல்லைப்புற வானத்துக்கு எழுதத் தெரியாதா?

கொழுந்தன் லைல்
நெடுஞ்சாலைக் கூடாரத்திலிருந்து படம் அனுப்புகிறான்:
பூசணி அளவுப் பெட்டி, முப்பத்தாறு வெடி,
"ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம், அண்ணி!"
இலவசத்துக்கு என் பேரேட்டில் பத்தி இல்லை.
ஒன்று வாங்கு என்றேன்.

முதல் வரியில் வாணம் எழுதவில்லை.
தோட்டக்குழாய்க்குப் புது மூக்கு, பதினொன்று.
பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு, ஒன்பது.
நீளக்கழுத்துப் பற்றவைப்பான், நான்கு.
மணல், ஓடையிலிருந்து, சும்மா.
மிச்சத்தில்தான் நெருப்பு.

ஐம்பது எட்டு தள்ளி உட்காரணுமாம்.
யாருடைய எட்டு?
டெல்மரை நடக்கவிட்டேன். அவருக்குக் கால் நீளம்.

வேலிக்கு அப்பால் ஹியூபரின் வயல்.
அறுத்து ஒரு வாரம்.
கான்சாஸ் வெயிலில் காய்ந்த அரிதாள்,
நெருப்பென்று பேர் சொன்னாலே பற்றிக்கொள்ளும்.
நான்காம் தேதி ராத்திரி, ஒன்பதரைக்கு என்று
போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தலையைக்கூட ஆட்டவில்லை மனிதர்.
சாயங்காலம் டிராக்டரோடு வந்து
வேலியோரம் அகலமாய் ஒரு பட்டை உழுதுவிட்டுப் போனார்.
அதற்கு விலை போடத் தெரியாமல்
ஒரு வரியைக் காலியாக விட்டேன்.

ஒன்பது இருபதுக்கு
துணிக்கொடியில் கட்டியிருந்த நாடா
வயல் பக்கம் திரும்பியது.
"கொஞ்சூண்டு காத்து" என்றான் லைல்.
நான் பற்றவைப்பானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
பிள்ளைகள் முனகினார்கள், தர்பூசணி தீர்ந்தது,
நாடா தொங்க நாற்பது நிமிடம்.

பிறகு எல்லாம் நன்றாகத்தான் போயிற்று,
பச்சை, வெள்ளை, பேர் தெரியாத ஒரு ஊதா.
கடைசியில் பெரிய பெட்டி.
ஏழு வெடித்தது.
எட்டாவது
வரவில்லை.

லைல் எழுந்தான்.
"உட்கார்."
என் குரல் எனக்கே புதிது.
இருபது நிமிடம். விளக்கு போடாமல், கிட்டப் போகாமல்
ஓர் அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு பதினோரு பேர்.
அப்போதுதான் டெல்மர் கை நீட்டினார்.
தட்டை நிலத்தின் விளிம்பில்
மூன்று ஊர்களின் வாணங்கள்,
தூரத்து அடுப்பில் கடுகு பொரிவதுபோல்,
சத்தமே இல்லாமல்.
யார் பணமோ.

பெட்டி ராத்திரி முழுக்க வாளியில் ஊறியது.
காலையில் உறையை எடுத்துக் கணக்கை முடித்தேன்:
செலவு, நூற்றெழுபத்தெட்டு நாற்பது.
கையிருப்பு, ஒன்று அறுபது.
வாளியில், இருபத்தொன்பது வெடி.

காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்த டெல்மர்
"இருபத்தொன்பது வரவா, செலவா?" என்றார்.

உறையைத் திருப்பினேன்.
மின்கட்டணத்துக்கு நாளை கடைசி நாள்.